அறுபத்தோராவது குடம்

தலைமையாசிரியர் ராமானுஜம் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு எடுத்தார். ஈரம் ஒரு சாண்தான் ஏறியிருந்தது. அந்தக் குச்சியைக் கங்கம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதுதான் அறுபது குடமா?”

“அறுவதும் ஊத்துனேன் சார். காத்தால மணி அடிச்சதுலேர்ந்து ஊத்திக்கினேதான் கீறேன்.”

“கண்டிராக்டர் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? கொள்ளளவு அறுபது குடம். அறுபது ஊத்தியிருந்தா வழிஞ்சு ஓடணும்.”

“பசங்க குடிச்சது கொஞ்சம். மீதிய தொட்டியே குடிச்சிடுது சார். முன்னாடியே சொன்னேனே.”

“நீ என்ன, இஞ்சினீயரா?”

கங்கம்மா இஞ்சினீயர் இல்லை. ஆனால் அந்தத் தொட்டிக்குக் கலவை சுமந்த சித்தாள் அவள்தான். நாலு பக்கமும் சுவர் எழும்பிய அன்று மீதி சிமெண்டு மூட்டைகள் மாட்டு வண்டி ஏறிப் போனதை அவள் கண்ணால் பார்த்தாள். அடியில் ஆற்று மணல், அதன்மேல் ஒற்றைச் செங்கல், அதன்மேல் பூச்சு என்று பேருக்கு ஒரு தடவல். அந்தப் பூச்சு ஒரு மழைக்குத் தாங்காது என்று அன்றே மேஸ்திரியிடம் சொன்னாள். கலவைத் தட்டைக் கீழே வைக்காமல் பேசாதே என்றான் அவன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்த பிறகு பெரிய சாரிடமும் சொல்லிப் பார்த்தாள். ராமானுஜம் அதற்குள் ‘வேலை திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். அவர் கையெழுத்துக்கு ஒரு நீள வால் உண்டு. மூன்று வரி எழுதினாலும் மூன்று சொல் எழுதினாலும் அந்த வாலை இழுக்காமல் பேனாவை மூட மாட்டார். சாக்பீஸ் பெட்டிக்குச் சீட்டு எழுதினாலும் அடியில் அது கிடக்கும்.

“திங்கட்கிழமை ஆபீசர் வர்றார்,” என்றார் அவர். “இப்ப இருக்கற காலம் எப்படின்னு உனக்குத் தெரியாது. யார் வேலை எப்போ போகும்னு யாருக்கும் தெரியாது. தொட்டி பாதிகூட இல்லேன்னா அவர் என்னைத்தான் கேட்பார். மரத்தடியில உட்கார்ந்துட்டுப் போற ஆளை வச்சுண்டு நான் பதில் சொல்ல முடியாது. நாளைலேர்ந்து நீ நின்னுடு.”

எழுபத்தாறாம் வருஷம் அது. எமர்ஜென்சி. ரயில்கள் நேரத்துக்கு வந்தன, ஆபீசர்கள் நேரம் சொல்லாமல் வந்தார்கள்.

கங்கம்மா சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருப்பாச்சூர் ரோட்டில் நடந்தாள். கழுத்தெலும்பு இரண்டு பக்கமும் கடுத்தது. இந்த வேலை போனால் மறுபடியும் செங்கல் சூளைதான். ஒரு நடைக்குப் பதினாறு கல் என்று தலையில் அடுக்குவார்கள். நாற்பத்துமூன்று வயதில் அதற்குத் தலை இருக்கிறது, கழுத்து இல்லை. ஆனால் அன்றைக்கு அவளை அரித்தது அது மட்டும் இல்லை. அறுபது குடம் ஊற்றியவளை ஊற்றவில்லை என்று ஒருவர் சொல்கிறார். ஊற்றினேன் என்பதற்கு அவளிடம் இருந்தது அவள் வாய்ச்சொல் ஒன்றுதான். அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமை வகுப்பும் போய்விடும் என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கு டீச்சர் கமலவல்லிக்குத் திருவள்ளூர்க் கோயில் குளத்தண்டை வீடு. கோடை விடுமுறையில் மெட்ராசில் கணக்கு டீச்சர்களுக்குப் பத்து நாள் பயிற்சி என்று போனவள், அங்கே ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றதாம். பெருமாள் சன்னதி மாதிரி செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். அங்கே வேண்டாமென்று கழித்த அட்டைகளை ஒரு கட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நீளவாட்டு அட்டை, அதில் வரிசை வரிசையாகப் பொடிப்பொடி ஓட்டை. அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்குமாம். ஓர் அட்டைக்கு ஒரு கட்டளை. கட்டளைகள் சேர்ந்தால் புரோகிராம்.

“ரேடியோல வருமே, அந்தப் புரோகிராமா டீச்சர்?” என்று கேட்டான் எட்டாம் வகுப்புக் கோபால்.

“இல்லடா. இது நீ எழுதறது. நீ எழுதினதை மிஷின் செய்யும். நீ எழுதாததைச் செய்யாது.”

சனிக்கிழமை காலையில் வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று சொன்னதற்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். அட்டை இருந்தது, மிஷின் இல்லை. ஆகவே பிள்ளைகளில் ஒருவர் மிஷினாக இருக்க வேண்டும், மற்றவர்கள் ஓட்டை அட்டையின் காலி இடத்தில் கட்டளை எழுதித் தர வேண்டும் என்றாள் டீச்சர். அங்கேதான் சிக்கிற்று. ‘சாக்பீஸ் எடு’ என்று ஒரு அட்டையைக் கொடுத்தால் கோபால் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

“பெட்டியைத் திறன்னு யார் எழுதினா? ஏன் திறந்தே?”

“துறக்காம எப்டி டீச்சர் எடுக்கிறது?”

பதினோரு பேரும் மாறி மாறி மிஷினாக நின்று பார்த்தார்கள். பதினோரு பேரும் எழுதாததைச் செய்தார்கள். அந்த நேரத்தில் கங்கம்மா குடிதண்ணீர்க் குடத்தோடு வகுப்புக்குள் வந்தாள். டீச்சர் என்ன நினைத்தாளோ, அட்டையை அவளிடம் நீட்டினாள்.

கங்கம்மா எழுத்துப் படித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அரிசி மில் களத்தில் நடந்த முதியோர் பள்ளியில் படித்தது. எழுத்துக்குக் கீழே விரலை நகர்த்தி, சத்தமாகக் கூட்டித்தான் படிக்க வரும். “பெ-ட்-டி-யா-ண்-ட போ,” என்று படித்தாள். போனாள். அடுத்த அட்டையைப் புரட்டினாள். “சா-க்-பீ-சு எ-டு.” பெட்டி மூடியிருந்தது. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“ஏன் நிக்கறீங்க கங்கம்மா?” டீச்சரின் குரல் ஏறிவிட்டது.

“மூடிக் கீது. துறக்கணுமா வாணாமான்னு சொல்லலியே.”

படிக்கத் தெரியாததால் நின்றாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அது இல்லை. முப்பது வருஷம் சித்தாளாக இருந்தவள் அவள். சொல்லாத ஒன்றைச் செய்தால் ‘உன்னை யார் செய்யச் சொன்னது’ என்று மேஸ்திரி கேட்பான். செய்யாவிட்டால் ‘இதைக்கூடச் சொல்லணுமா’ என்று கேட்பான். இரண்டு வசவில் எது சின்னது என்று பார்த்துப் பார்த்து, சொன்னதை மட்டும் செய்வது என்று எப்போதோ முடிவு செய்திருந்தாள். அதைப் போய் ஒருத்தி கைதட்டிப் பாராட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

“நீங்கதான் எங்க கம்ப்யூட்டர்,” என்றாள் கமலவல்லி.

கோபால் அவசரமாக இன்னோர் அட்டை எழுதினான். ‘மூடியைத் துற.’ டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பேசும்போது துற என்றாலும் எழுதும்போது திற என்றுதான் எழுத வேண்டும், துற என்றால் வேண்டாமென்று விட்டுவிட்டுச் சாமியாராகப் போவது என்றாள்.

“மூடிய வாணாம்னு உட்டுட்டு நா சாமியாரா பூட்டா,” என்றாள் கங்கம்மா, “உன் சாக்பீசை யாரு நைனா எடுக்கறது?”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள்தான் மிஷின். பிள்ளைகள் அவளைச் சுவரில் மோதவிட்டார்கள், காலி டம்ளரைக் குடிக்கவைத்தார்கள், முதலில் மூன்றாவது அட்டையை வைத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர் இல்லாத இடத்தில் கையைக் கழுவவைத்தார்கள். தப்பு யாருடையது என்று டீச்சர் கேட்பாள். எழுதினவங்களுது, என்று பதினோரு பேரும் சொல்வார்கள். ஒரு தடவைகூடக் கங்கம்மாவின் தப்பு என்று ஆனதில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி ஓர் இடம் வேறு எங்கும் இருந்ததில்லை.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்தபோது கங்கம்மா தொட்டியண்டை நின்றுகொண்டிருந்தாள். குடம் காலடியில் காலியாகக் கிடந்தது.

“யக்கா, இன்னா நின்னுகினு கீற? கிளாசுக்கு வா,” என்றான் கோபால்.

“பெரிய சாரு நிக்கச் சொன்னாரு. நிக்கறேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ரயில்வே கேங்மேன் மகள் விக்டோரியா மட்டும் சிரிக்கவில்லை. ஓடிப்போய் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கமலவல்லி நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க முகம் சுண்டிப் போயிற்று.

“கங்கம்மா, நின்னுடுன்னா வேலையை விட்டுப் போயிடுன்னு அர்த்தம்.”

“அது எனக்குத் தெரியாதா டீச்சரம்மா? எத்தினி எடத்துல நின்னுடு நின்னுடுன்னு சொல்லியிருக்கானுங்க. ஆனா போன்னு அவரு சொல்லலியே. நில்லுன்னுதானே சொன்னாரு. சொன்னதைத்தானே செய்யணும்? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

டீச்சர் குனிந்து காலிக் குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

“எனக்கு ஒரு புரோகிராம் எழுதிக் குடுங்க,” என்றாள் கங்கம்மா. “தொட்டிய ரொப்பற புரோகிராம். நா ஓட்டறேன். எத்தினி குடம்னு பசங்க எண்ணட்டும்.”

“அறுபது குடம் கங்கம்மா. ஒரே மூச்சுல.”

“தெனிக்கும் அதே அறுவதுதான். தெனிக்கும் யாரும் பாக்கல. இன்னிக்கிப் பாக்கட்டும்.”

டீச்சர் மாடிப் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்கும் நிரந்தர வேலை இல்லை என்பது கங்கம்மாவுக்குத் தெரியும். திரும்பி வந்தவள் தொட்டியின் குழாய்களை ஒவ்வொன்றாக முறுக்கி அடைத்து, ஒரு சொட்டும் வரவில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டினாள். அதன் பிறகுதான் அட்டைக் கட்டைப் பிரித்தாள்.

குடத்தை எடு, கிணற்றண்டை போ, சேந்து, தொட்டியண்டை வா, ஊற்று. அதுவரைக்கும் சண்டை இல்லை. கோபால் அடுத்ததாக ‘ஊத்திக்கினே இரு’ என்று எழுதினான்.

“எது வரைக்கும்?” என்றாள் டீச்சர். “எழுதலைன்னா கங்கம்மா இன்னிக்குப் பூரா, நாளைக்குப் பூரா ஊத்திண்டே இருப்பாங்க. மிஷினுக்கு அலுக்காது.”

“இவங்களுக்கு அலுக்கும் டீச்சர்,” என்றாள் விக்டோரியா. ஓர் அட்டையை எடுத்து ‘பத்துக் குடத்துக்கு ஒரு தபா உட்காரு’ என்று எழுதினாள்.

கங்கம்மா அதைக் கூட்டிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இத எடுத்துடும்மா. நா ஒக்காந்ததை அவரு பாத்தாருன்னா காலைலேர்ந்து ஒக்காந்துகினுதான் இருந்தேன்னுவாரு.”

கடைசியில் இரண்டு அட்டை சேர்ந்தன. ஊற்றியதும் பலகையில் ஒரு கோடு போடு என்று ஒன்று. தொட்டி ரொம்பிவிட்டதா பார், ரொம்பினால் நில், இல்லாவிட்டால் முதல் அட்டைக்குப் போ என்று இன்னொன்று. கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். கங்கம்மா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

முதல் பத்துக் குடம் விளையாட்டாகப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் அட்டையைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மனப்பாடமாகிவிட்ட பிறகும் படித்தாள். பிள்ளைகள் கூடவே கிணற்றுக்கும் தொட்டிக்கும் ஓடினார்கள். இருபதுக்கு மேல் ஓட்டம் நின்றது. வெயில் ஏறிற்று. ராட்டினம் கிறீச்சிடும் சத்தமும், “மொ-த அ-ட்-டை-க்-குப் போ” என்று அவள் கூட்டும் சத்தமும், சுண்ணக்கட்டி பலகையில் இழுபடும் சத்தமும்தான். முப்பதாவதில் கோபால் குடத்தில் கை கொடுக்க வந்தான். டீச்சர் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் தொட்டி விளிம்பில் தொங்கி உள்ளே பார்த்துவிட்டு, “ஒரு சாண் கூட வரல டீச்சர்,” என்றான்.

நாற்பதுக்கு மேல் கங்கம்மாவுக்குக் கால் தரையில் படுவது தெரியவில்லை. கயிறு உள்ளங்கையில் எரிந்தது. எத்தனை வருஷம் எத்தனை பேர் வீட்டுச் சுவருக்கு, எத்தனை பேக்டரி ஷெட்டுக்குச் சுமந்தாகிவிட்டது. எதற்கும் ஒரு கோடு போட்டு வைத்தவர் இல்லை. கட்டிடத்துக்கு முன்னால் பெயர் வெட்டிய கல் பதிப்பார்கள். அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிறகு நின்று படித்திருக்கிறாள். கல் சுமந்தவர் பெயர் ஒன்றிலும் இல்லை. இங்கே ஒரு கருப்புப் பலகையில் அவளுடைய ஒவ்வொரு நடைக்கும் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஐம்பத்தாறாவது கோடு விழும்போது ராமானுஜம் வந்தார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் அறையில் இருப்பவர், சத்தம் கேட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தார்.

“என்ன கூத்து இது? நேத்திக்கே உன்னை நின்னுடச் சொன்னேனே.”

கங்கம்மா அவரைத் தாண்டிக் கிணற்றுக்குப் போனாள். அட்டையில் அவர் இல்லை.

“கமலவல்லி, என்ன பண்ணிண்டிருக்கேள்? ஒரு மனுஷியை மிஷின் ஆக்கி வெயில்ல அலையவிடறேளே, பாவமா இல்லே?”

கிணற்றடியிலிருந்து குரல் வந்தது. “தெனிக்கும் அலையறப்ப நீங்க பாவம்னு சொல்லலியே சார்.”

“புரோகிராம் சார்,” என்றாள் கமலவல்லி. “தொட்டி நிறையற வரைக்கும் ஊத்தறதுன்னு குழந்தைகள் எழுதியிருக்கா. நிறையலை. ஏன் நிறையலைன்னு பாத்துண்டிருக்கோம்.”

“வெயில்ல வத்தியிருக்கும்.”

“ஐம்பத்தாறு குடமா சார்?” என்றான் கோபால்.

ராமானுஜம் அவனை ஒரு முறை முறைத்தார். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. அவர் அங்கேயே நின்றார். ஐம்பத்தொன்பது. அறுபதாவது குடத்தைக் கங்கம்மா சாய்த்தபோது தண்ணீர் விழும் சத்தம் அடியிலிருந்து கேட்டது. நிறைந்த தொட்டிக்கு அந்தச் சத்தம் இருக்காது. விக்டோரியா அளவு பார்த்தாள். ஒரு சாண், நாலு விரல்.

கங்கம்மா அட்டையைப் படித்தாள். முதல் அட்டைக்குப் போனாள். அறுபத்தோராவது குடத்தைச் சேந்தித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“போதும். இறக்கு,” என்றார் ராமானுஜம்.

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“இறக்குன்னு சொல்றேனே, காது கேட்கலையா?”

“வாயால சொன்னா யக்காவுக்கு ஏறாது சார்,” என்றான் கோபால். அவன் குறும்புக்குச் சொல்லவில்லை. விதி அது. “அட்டைல எழுதித் தரணும்.”

பதினோரு பிள்ளைகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இரண்டு வகுப்பறை ஜன்னல்களில் விளையாட வந்த பையன்களின் தலைகள். ராமானுஜம் ஓர் அட்டையைப் பிடுங்கி, பேனாவைத் திறந்து எழுதி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கங்கம்மா ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு படித்தாள். “நி-ல்.” நின்றாள். “கீழ இன்னாவோ புழு மாரி கீது. அது படிக்க வரல.”

“அது சாரோட கையெழுத்து, யக்கா,” என்றாள் விக்டோரியா.

குடத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் கங்கம்மாவின் நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் சொட்டியது. அவள் துடைக்கவில்லை. தொட்டிக்கு மூன்றடி தள்ளி, தலையில் குடத்தோடு, சொன்னபடி நின்றாள். அந்தப் பாரம் அவர் எழுதிய ஒரு வார்த்தையில் அங்கே நிற்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. இன்னோர் அட்டை எழுதினார்.

“போ,” என்று படித்தாள். “எங்கன்னு எழுதலியே சார்.”

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். ராமானுஜத்தின் காது சிவந்துபோயிற்று. மூன்றாவது அட்டையை எடுத்தார். இந்தத் தடவை எதிலும் இடம் வைக்கக் கூடாது என்று, இருபத்தைந்து வருஷம் இலக்கணம் நடத்திய கை, எழுவாய் பயனிலை பிசகாமல் எழுதிற்று. வாலை இழுத்துக் கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

கங்கம்மா குடத்திலிருந்து கையை எடுத்து, அட்டையை வாங்கி விரலை வைத்தாள். விரல் நகர நகரச் சொல் சொல்லாக வந்தது. “அ-று-ப-து கு-டம் ஊ-ற்-றி-யும் தொ-ட்-டி நி-றை-ய-வி-ல்-லை.”

அங்கே நிறுத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை கூட்டாமல், முழுசாகப் படித்தாள். “அறுபது குடம் ஊற்றியும் தொட்டி நிறையவில்லை.”

கமலவல்லி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ராமானுஜம் எழுதியது மேற்கொண்டும் இருந்தது. ஆகவே கங்கம்மாவை வேலையிலிருந்து நீக்குகிறேன் என்பது இருந்தது. அந்த வரி வரைக்கும் யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. முதல் வரி காதில் விழுந்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. கையை நீட்டினார்.

“அதைக் குடு. தப்பா எழுதிட்டேன்.”

“தப்பு இல்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அறுவது ஊத்துனேன்னு நேத்து நா சொன்னேன், நீங்க இல்லன்னீங்க. இன்னிக்கு நீங்களே எழுதிட்டீங்க.” அட்டையை மடித்து இடுப்பில் செருகினாள். “இது எங்கிட்ட இருக்கட்டும்.”

“உன்னை நீக்கியிருக்கு அதுல.”

“நீக்கிக்கோங்க. தொட்டி ஒழுவுதுன்னா கங்கம்மாவ எதுக்கு நீக்கணும்னு ஆபீசர் கேப்பாரு. அத நீங்க சொல்லுங்க.”

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். “இனிமே இந்த வகுப்பு கிடையாது. இன்னியோட சரி.”

“எழுதிக் கொடுத்துடுங்கோ சார்,” என்றாள் கமலவல்லி.

ராமானுஜம் பேனாவைப் பார்த்தார். மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை மடக்காமலே படியேறிப் போனார்.

கங்கம்மா குடத்தைத் தொட்டியில் சாய்த்தாள். பலகைக்குப் போய் அறுபத்தோராவது கோட்டைப் போட்டாள். கோடு கோணலாக விழுந்தது. அப்புறம் மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, எல்லார் எதிரிலும் உட்கார்ந்தாள். உட்காரு என்று யாரும் எழுதவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே ராமானுஜம் கிணற்றடிக்கு வந்துவிட்டார். கங்கம்மாவும் வந்திருந்தாள். யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

“அந்த அட்டை எங்கே?” குரல் தணிந்திருந்தது. குளித்து நாமம் இட்ட முகத்தில் ராத்தூக்கம் இல்லை. “கொண்டா. கிழிச்சுப் போட்டுடறேன். நீ வேலையில இருந்துக்கோ. யாரும் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டா.”

“தொட்டி?”

“அதை அப்புறம் பார்க்கலாம்.”

“அப்பறம்னா நாந்தான சார் ஊத்தணும். அறுவது ஊத்தி ஒரு சாணு. மறுநா அறுவது. நீங்க மறுபடியும் குச்சி உட்டுப் பாப்பீங்க.” அவள் கயிற்றை ராட்டினத்தில் மாட்டினாள். “வேலை குடுக்காட்டியும் போவட்டும். அட்டைய தர மாட்டேன்.”

“என் முப்பது வருஷ சர்வீஸ் அது, கங்கம்மா.”

முதல் தடவையாக அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவளுக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. அந்த மனுஷன் பணம் தின்னவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையெழுத்தை ஆறு மாதமாக அவள் கழுத்துதான் சுமந்துகொண்டிருந்தது.

“என்துங்கூட முப்பது வருசந்தான் சார்,” என்றாள்.

வாளி தண்ணீரில் விழுந்தது. கேட்டுப் பக்கம் ஜீப்புச் சத்தம் கேட்டதும் ராமானுஜம் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு போனார். கங்கம்மா குடத்தை நிறைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆபீஸ் அறைக்குப் போகிற வழியில் அவரும் ஆபீசரும் நின்றார்கள். ஆபீசர் கையில் பைல் இருந்தது. ராமானுஜம் ஏதோ சொன்னார். பிறகு இரண்டு பேரும் திரும்பி, தொட்டியை நோக்கி நடந்து வந்தார்கள்.

“ஒழுகறது சார்,” என்று ராமானுஜம் சொல்வது கேட்டது. “அடிப்பூச்சு சரியில்லை. நான்தான் பார்க்காம திருப்தின்னு எழுதிட்டேன்.”

ஆபீசர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். முந்தாநாள் ஊற்றிய தண்ணீர் இல்லை. அடி காய்ந்து கிடந்தது. கையை உள்ளே விட்டு விரலால் சுரண்டினார். நகத்தோடு மணல் வந்தது.

“யார் கண்டுபிடிச்சது?”

“பசங்கதான். கணக்குப் பாடத்துல ஒரு சோதனை மாதிரி...”

கங்கம்மா குடத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். சும்மாட்டைத் தலையிலிருந்து எடுத்தாள்.

“நாந்தான் சார்,” என்றாள், அங்கிருந்தே, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.